பழைய லாரி இருசும் பண்ணை இழுவண்டியும்

டிராக்டர் கிராமங்களில் பரவியது முதற்கொண்டு, மாட்டு வண்டி செய்துவந்த வேலையில் பெரும்பங்கு டிரெய்லர் என்னும் இழுவண்டியின்மேல் விழுந்திருக்கிறது. எரு, நெல், கரும்பு, செங்கல், தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் அதிலேயே ஏறுகின்றன. இவ்வண்டிகளில் பல ஊர்ப் பட்டறைகளிலேயே கட்டப்படுகின்றன. சட்டமும் பெட்டியும் புதிய இரும்பாயிருக்க, எல்லாப் பாரத்தையும் தாங்கவேண்டிய இருசு மட்டும் கழிக்கப்பட்ட லாரியிலிருந்து எடுத்ததாயிருப்பதுண்டு. இவ்வழக்கம் கண்டிக்கத்தக்கதன்று, அந்த இருசை வாங்கும் முறைதான் கண்டிக்கத்தக்கது. மாடு பிடிக்கப் போகும் குடியானவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், நுகத்தில் பூட்டியும் பார்க்கிறார். அவரே பழைய இரும்புக் கடைக்குப் போனால் தராசு முள்ளை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

பழைய மோட்டார்ச் சாமான் வேளாண்மைக்கு வருவது புதிதன்று. 1945-ம் வருஷம் யுத்தம் முடிந்தபின் ராணுவத்தார் கழித்த மோட்டார்களின் இருசுகளும் டயர்களும் மாட்டு வண்டிகளுக்கு வந்தன. பின்னர், 1948-ல் சென்னையில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி 1955-ல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. டாட்டா கம்பெனியாரும் 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் லாரிகளைச் செய்யத் தொடங்கினர். அதுமுதல் உள்நாட்டு இருசுகளுக்கே குறைவில்லாமற் போயிற்று. சென்னைப் புதுப்பேட்டையிலும், நாமக்கல், சங்ககிரி முதலிய லாரித் தொழில் மிகுந்த ஊர்களிலும் பழைய உறுப்புகள் எளிதிற் கிடைக்கின்றன. புதிய இருசுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிக்கே இவை கிடைப்பதால், சிறு மிராசுதாரரைப் புதியதே வாங்குமாறு வற்புறுத்துவதிற் பிரயோஜனமில்லை. நல்ல பழையதை எப்படித் தெரிந்தெடுப்பது என்று அவருக்குச் சொல்வதே உதவியாகும்.

பழைய இருசுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் பத்து டன் சுமந்த இருசு, வயலில் ஐந்து டன்னுக்கு ஒடிந்துபோகுமா என்பதே அது. நான்கு டயர்களுள்ள ஒற்றை இருசுக்குச் சட்டம் அனுமதித்த பாரம் முன்பு 10.2 டன், 2018-ம் வருஷத்தில் அது 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. பண்ணை வண்டியின் பாரமோ இதற்கு வெகு குறைவு. 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி உலர்ந்த மணல், ஏறக்குறைய நான்கரை டன். நனைந்ததாயின் ஐந்தரைக்கும் மேற்படும். ஆகவே வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் லாரியின் கணக்கு வில்லின்மேல், சமதளமான தாரோட்டில் ஓடும் கணக்கு. ஊர்ப் பட்டறையில் கட்டும் இழுவண்டிகளிற் சிலவற்றுக்கு வில்லே கிடையாது; சட்டம் நேரே இருசின்மேல் முடுக்கப்பட்டிருக்கும். வரப்பைக் கடக்கையில் ஒரு சக்கரம் மேடேற, மற்றது பள்ளத்தில் இறங்குகிறது. அந்த வேளையில் பாரத்தின் பெரும்பகுதி ஒரே சக்கரத்தின்மேற் சாய்கிறது; அதனுடன் குலுக்கலின் அடியும் சேர்கிறது. காகிதத்தில் இரு மடங்காகக் காணும் பலம், வாய்க்கால் மதகடியில் அவ்வளவாக நிற்பதில்லை.

மேலும், இருசின் வயதை அதன் துருவைக் கொண்டு அறிய முடியாது. 1842-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி, வெர்செயில்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயில் வண்டியில் எஞ்சினின் இருசு ஒன்று ஒடிந்து, வண்டிகள் ஒன்றன்மேலொன்று ஏறித் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அக்காலத்து ரயில் இருசுகள் பலவும் இவ்விதமே முன்னறிவிப்பின்றி ஒடிந்துவந்தன. ஜெர்மானிய எஞ்சினீயரான ஆகஸ்ட் வோலர் என்பவர் அக்காரணத்தை ஆராய்ந்து, 1870 வரையில் தம் பரீட்சைகளின் முடிவுகளை வெளியிட்டார். ஒரே தடவையில் இருசை ஒடிக்கப் போதாத பாரமும், லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப ஏறியிறங்கினால் ஒடித்துவிடும் என்பது அவற்றால் விளங்கிற்று. மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு மேற்பரப்பில் தோன்றி, மெல்ல மெல்ல உள்ளே பரவி, மிஞ்சிய இரும்பு தாங்காதபோது சடக்கென்று முறிகிறது. முறிந்த முகத்தில், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போன்ற வரிகள் இருப்பதைப் பட்டறைக்காரர் பலர் கண்டிருப்பர். சுத்தியலாற் தட்டி மணியோசை கேட்டால் இருசு நல்லது என்று வியாபாரி சொல்வதை நம்பலாகாது. பெரிய வெடிப்பு ஓசையை மாற்றும், சிறியது மாற்றாது. சிறியதே பிற்பாடு பெரியதாகிறது.

இங்கே லாரி இருசுக்கும் கார் இருசுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிவது அவசியம். கனத்த லாரிகளின் பின் இருசில், ஹவுசிங் எனப்படும் வெளியுறைதான் பாரத்தைச் சுமக்கிறது. உள்ளே ஓடும் தண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே உதவுகிறது. அதை உருவிவிட்டாலும் சக்கரம் தன்னிடத்தில் நிற்கும். கார்களிலும் சிறு வேன்கள் சிலவற்றிலும் அப்படியன்று. சுழலும் தண்டே பாரத்தையும் சுமக்கிறது. தண்டு ஒடிந்தால் சக்கரம் தனியே கழன்று ஓடும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 318 சுற்றுச் சுற்றும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மூன்று கோடிக்கு மேல். அத்தனை தடவையும் சுழலும் தண்டு மேலும் கீழுமாக வளைந்து நிமிர்கிறது. பாரம் சுமக்கும் தண்டுள்ள இருசை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பண்ணை வண்டிக்கு வாங்குதல் தகாது. அடையாளம் காண்பது எளிது: சக்கரக் குடத்தின் நடுவில் வட்டமான மூடிபோன்ற தகடு பல திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்து, அவற்றைக் கழற்றினால் சக்கரம் அசையாமல் தண்டு வெளியே வருமாயின் அது வேண்டிய வகை.

வாங்குவோர் பெரும்பாலும் இருசின் நடுப்பாகத்தின் பருமனைக் கண்டு மயங்குகின்றனர். நடுப்பாகம் ஒடிவது அபூர்வம். கெடுவது நுனிகள்: குடம் ஏறிநிற்கும் முனை, பேரிங், குடம், சக்கரத் திருகாணி. ஆகையால் குடத்தைக் கழற்றிக் காட்டச் சம்மதிக்காத கடையில் இருசு வாங்கலாகாது. இதில் தாட்சணியம் வேண்டியதில்லை. கழற்றுவதற்கு அரைமணி நேரமும், ஒரு ஜாக்கியும், பெரிய நட்டு ஸ்பானரும் போதும். கூலி கேட்டால் கொடுத்துவிடுவது சிலாக்கியம்.

கழற்றுவதற்கு முன்னரே, இருசைத் தாங்கியின்மேல் ஏற்றிக் குடத்தைக் கையாற் சுற்றவேண்டும். கரகரப்பு இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்குமானால், அது நட்டு தளர்ந்ததாலா, முனை தேய்ந்ததாலா என்பது கழற்றினபின் தெரியும். பழைய கிரீஸை விரலில் எடுத்துச் சூரிய வெளிச்சத்திற் பார்த்தால், இரும்புத் தூள் இருக்குமாயின் மினுமினுக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நெடுநாள் சேற்றிலோ மழையிலோ கிடந்த இருசாயிருக்கலாம், துருக் குழிகளை உள்ளேயும் தேடவேண்டும்.

குடத்தை எடுத்தபின் முனையை மண்ணெண்ணெயில் நன்கு கழுவித் துடைத்துப் பார்ப்பதே எல்லாவற்றினும் முக்கியமான சோதனை. பேரிங் அமரும் இடங்கள் வழவழப்பாயும் ஒரே அளவாயும் இருக்கவேண்டும். பேரிங்கின் உள்வளையம் முனையின்மேல் வழுக்கிச் சுற்றியிருந்தால், அவ்விடத்தில் பள்ளம் விழுந்து, விரல் நகம் தட்டுப்படும். அதன்மேல் வெல்டிங் பூசிக் கடைந்து சரிசெய்ததாகச் சொல்லப்படும் முனைகளும் சந்தையில் உண்டு. அவற்றைத் தொடாமலிருப்பதே நலம். நீலம் பாய்ந்த இடம் இருந்தால், பேரிங் ஒருகாலத்தில் இறுகிச் சூடேறி இரும்பு வெந்திருக்கிறது என்று பொருள். அந்த முனையும் கழிக்கத்தக்கதே. நுனியிலுள்ள மரையில் நட்டைக் கையாலேயே முழுதும் ஏற்றிப் பார்க்கவேண்டும்.

வெடிப்பைக் காண ரயில்வே பட்டறைகளில் நெடுங்காலம் வழங்கிய உபாயம் ஒன்று உண்டு; அதற்கு யந்திரம் எதுவும் வேண்டாம். சுத்தம் செய்த இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிச் சுமார் அரைமணி ஊறவிட்டு, துணியால் ஈரமின்றித் துடைத்து, சுண்ணாம்புப் பொடியையோ கரும்பலகைச் சாக்கையோ வெண்மையாகப் பூசவேண்டும். பிறகு உறையை நாலைந்து தடவை தட்டினால், வெடிப்பினுள் தங்கிய எண்ணெய் வெளியே கசிந்து வெண்மையில் ஒரு கறுத்த கோடு தோன்றும். முனை உறையோடு சேரும் கழுத்து, பெருவிட்டத்திலிருந்து சிறுவிட்டத்துக்கு இறங்கும் மூலை, வில் அமரும் மேடை, குடத்தின் திருகாணித் துளைகளைச் சுற்றிய பாகம் ஆகிய நான்கிடங்களிலும் இதைச் செய்யவேண்டும். புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசிய இருசானால், முதலில் உப்புத்தாளால் வர்ணத்தைச் சுரண்டியெடுக்கவேண்டும். விற்கப்போகும் பழைய இருசுக்கு வர்ணம் பூசுகிறவர் அதன் அழகுக்காகப் பூசுகிறார் என்று எண்ணுவதற்கில்லை. திருகாணித் துளைகள் நீள்வட்டமாயிருந்தால், லாரி தளர்ந்த நட்டுகளோடு ஓடியிருக்கிறது. புதிய திருகாணி போட்டாலும் அத்துளையில் நில்லாது.

பேரிங் வளையத்தின் முகத்தில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதை எழுதிக்கொண்டு, பணம் கொடுப்பதற்கு முன் தாலுகா நகரத்துக் கடையில் அந்த எண் கிடைக்குமா என்று விசாரிப்பது புத்திசாலித்தனம். கிடைக்காத பேரிங்குள்ள இருசு, அறுவடை மும்முரத்தில் வண்டியைக் களத்திலேயே நிறுத்திவிடும்.

இருசு வளைந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் அளக்க முடியாது. இரண்டு குடங்களிலும் சக்கரம் மாட்டி, குடத்தின் உயரத்தில், சக்கர விளிம்பின் முன்பக்கத்தில் இருபுறமும் சாக்கினால் அடையாளமிட்டு, இடையிலுள்ள தூரத்தை அளக்கவேண்டும். பிறகு சக்கரங்களை அரைச்சுற்றுச் சுற்றி, அதே அடையாளங்கள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளக்கவேண்டும். ஒரே அடையாளத்தைக் கொண்டு அளப்பதால் விளிம்பின் கோணல் கணக்கிற் சேராது. இரண்டளவுக்கும் ஒரு நூலுக்கு மேல் வித்தியாசமிருந்தால் இருசு முன்பின்னாக வளைந்துள்ளது. அத்தகைய வண்டி டயரைத் தின்றுகொண்டேயிருக்கும். மேலும் கீழுமாகவும் இவ்வாறே அளக்கலாம். வளைந்ததைச் சூடேற்றி நிமிர்த்துத் தருகிறோம் என்பவர்களும் உண்டு. நிமிர்த்தலாம், இழந்த பலம் வராது.

அடுத்தது, வெட்டி ஒட்டிய இருசு. லாரியின் அகலம் கிராமப் பாதைக்கு அதிகமென்று, உறையை நடுவிலோ பக்கத்திலோ அறுத்து, ஒரு சாண் குறைத்து, மறுபடி வெல்டிங் செய்வது பல பட்டறைகளில் நடைபெறுகிறது. இதைவிட அபாயமான சிக்கனம் வேறில்லை. அறுத்த இடத்தில் இருபாகமும் ஒரே நேர்கோட்டில் சேருவது அருமை. சேர்ந்தாலும் வெல்டிங்கின் ஓரத்திலேயே வெடிப்புப் பிறக்கிறது. அகலம் குறைவாக வேண்டுமானால், 1986-ல் வெளிவந்த டாட்டா 407 போன்ற இலகு லாரியின் இருசைத் தேடி, அதன் பாரத்துக்குத் தக்கபடி வண்டியையும் சிறிதாகக் கட்டிக்கொள்ளவேண்டும். கனத்த இருசு எப்போதும் நல்லதென்னும் எண்ணம் பிசகு. நஞ்சை நிலத்தில் இருசின் எடையும் சேர்ந்தே சேற்றில் அமுங்குகிறது. டீசலையும் அதுவே குடிக்கிறது.

லாரியின் முன் இருசை வாங்கி, திசை திரும்பும் முட்டுகளை அசையாதபடி வெல்டிங் செய்து பயன்படுத்துவதும் இதைப் போன்றதே. அம்முட்டுகள் கரிச்சத்து மிகுந்த, சம்மட்டியால் அடித்து உருவாக்கிய எஃகு. முன்கூட்டி அளவாகச் சூடேற்றாமல் ஊர்ப் பட்டறையில் செய்யும் வெல்டிங், அவ்விடத்தைக் கண்ணாடிபோல் நொறுங்கத்தக்கதாக்கிவிடுகிறது.

நல்ல இருசையே வாங்கினாலும், மாட்டும்போது அதைக் கெடுக்க வழியுண்டு. லாரியில் வில் அமர்ந்திருந்த மேடையின்மேலேயே வண்டியின் சட்டமும் அமரவேண்டும். சக்கரத்துக்கும் அம்மேடைக்கும் இடைத்தூரம் 40 சென்டிமீட்டராயிருக்க, சட்டத்தை உள்ளே தள்ளி 60 சென்டிமீட்டரில் அமர்த்தினால், அதே பாரத்தில் இருசின் நடுவுக்கு ஏற்படும் வளைவு ஒன்றரை மடங்காகும். இரட்டைச் சக்கரத்துக்கென்று ஏற்பட்ட குடத்தில் ஒற்றைச் சக்கரம் மாட்டும்போது, வண்டி அகன்று நிற்கட்டுமென்று சக்கரத்தைத் திருப்பி வெளியே தள்ளி மாட்டுகின்றனர். அப்போது பாரம் வெளிப்புறத்துச் சிறிய பேரிங்கின்மேல் விழுகிறது. அது சீக்கிரம் அழிவது ஆச்சரியமன்று. டிபரன்ஷியல் பற்சக்கரங்களை எடுத்துவிட்டால் எடை குறையும் என்பது சரியே; ஆனால் சில இருசுகளில் அங்கிருந்த எண்ணெயே பேரிங்குகளுக்கும் எட்டிவந்தது என்பதை மறவாமல், குடத்தில் தனியே கிரீஸ் நிரப்பி, துளைகளை மண் புகாதபடி மூடவேண்டும்.

இவை எல்லாவற்றிலும் மிகுந்த வருத்தத்துக்குரியது, பிரேக்கைக் கழற்றி எறிவதாகும். லாரி இருசு டிரம்மும் கட்டையும் கூடியதாகவே வருகிறது. இழுவண்டிக்கு அது வேண்டாத பாரமென்று, கட்டைகளைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றுவிடுகின்றனர். ஐந்து டன் வண்டியை இரண்டு டன் டிராக்டர் ஏரிக்கரைச் சரிவில் இறக்கும்போது, தடுக்கும் சக்தி டிராக்டரின் பின் சக்கரங்களுக்கு மட்டுமே இருக்குமானால், வண்டி டிராக்டரைப் பின்னிருந்து தள்ளி மடக்கிவிடும். டிரம் தேய்ந்து விளிம்பு கட்டாமலும், கட்டையைத் தள்ளும் தண்டு துருவேறிப் பிடிக்காமலும் உள்ள இருசுக்குச் சற்று அதிக விலை கொடுப்பதே தகுதி. அதை டிராக்டரிலிருந்து இயக்க ஏற்பாடு செய்ய ஒரு நல்ல மெக்கானிக்கால் முடியும். அதற்காகும் செலவை வீண்செலவென்பவர், அவ்வண்டியின் நெற்கட்டுகளின்மேல் உட்கார்ந்து வருகிறவர்கள் யாரென்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

கிராம அதிகாரிகளின் கடமையும் இதில் உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் ஆட்களையும், திருவிழாவுக்குப் போகும் பெண்டு பிள்ளைகளையும் இழுவண்டியில் ஏற்றுவது விதிகளுக்கு விரோதம் என்பது தெரிந்திருந்தும் கண்டுகொள்ளப்படுவதில்லை. கழன்ற சக்கரத்தால் மூட்டைகள் சரிந்தால் நஷ்டம் ரூபாயளவில் நிற்கும். மேலே ஆட்கள் இருந்தால் அப்படி நிற்காது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் திருவிழாவுக்கு முன்னரே தண்டோரா மூலமாவது ஒலிபெருக்கி மூலமாவது எச்சரிக்கை செய்யலாம். மாற்று வண்டிக்கு ஏற்பாடு செய்தால் இன்னும் நலம். வாங்கும் இருசுக்கு ரசீது பெறும் வழக்கத்தையும் அவர்கள் வற்புறுத்தவேண்டும். கழித்த வாகனங்களைப் பதிவுபெற்ற நிலையங்களில் உடைப்பதற்கு 2021-ல் விதிகள் ஏற்பட்டுள்ளன. ரசீதில்லாத இருசு திருட்டு லாரியினுடையதாயிருந்தால், விசாரணைக்குப் பதில் சொல்லவேண்டியவர் அதை வைத்திருப்பவரே.

ஒவ்வொருவரும் தனித்தனியே இச்சோதனைகளைச் செய்வது சிரமமென்றால், கூட்டுறவுச் சங்கம் ஒரு ஜாக்கி, இரண்டு தாங்கிகள், நேர்ச்சட்டம் ஆகியவற்றை வாங்கி வைத்து, அனுபவமுள்ள ஒரு பிட்டரை நாட்கூலிக்கு அனுப்பலாம். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் கடைக்குப் போனாலும் போதும். தனியாளிடம் குடத்தைக் கழற்ற மறுக்கும் வியாபாரி, ஐந்து பேர் நிற்கும்போது ஸ்பானரைத் தேடுவார்.

வண்டி கட்டியானபின் முதலில் வெறுமையாக ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு குடங்களிலும் கை வைத்துப் பார்க்கவேண்டும். இளஞ்சூடு இயல்பு. கை வைக்கமுடியாத சூடு இருந்தால் நட்டு அதிகமாய் இறுகியிருக்கிறது. குடத்தைச் சுற்றிக்கொண்டே முடுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, ஆட்டமில்லாமலும் பிடிப்பில்லாமலும் நிற்குமிடத்தில் பூட்டவேண்டும். சில பழைய லாரிகளில் இடப்பக்கத்துச் சக்கர நட்டுகள் எதிர்த்திசையில் முடுகும். தெரியாமல் பலவந்தமாகத் திருப்பினால் திருகாணி முறியும். முதல் நூறு கிலோமீட்டர் பாரத்துடன் ஓடினபின் சக்கர நட்டுகள் அனைத்தையும் மறுபடி ஒரு சுற்று முடுக்கிப் பார்க்கவேண்டும்.